கால் வேண்டுமானால் குரலைக் கொடுக்க வேண்டுமா? – கார்ட்டூன் தேவதைக் கதைகளில் பெண்கள்

தில்லி சதர் பஜாரில் பள்ளிக்கூடப் பை, டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், கலர் பென்சில் இவற்றை மொத்த வியாபாரம் செய்பவன் நான். சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். தமிழ்ச் சமணக் குடும்பம். கல்லூரிப் படிப்பு எனக்குக் கிடையாது. கடையை மூடிவிட்டு வந்து இரவில் படித்த படிப்புதான். சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, இவன் சீவக சிந்தாமணி பற்றித்தான் எழுதுவான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் பேத்தி ஒரு கேள்வி கேட்டு அதைக் கெடுத்துவிட்டாள்.

அவளுக்கு ஏழு வயது. டிவியில் 'லிட்டில் மெர்மெய்ட்' என்ற கடற்கன்னிப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடற்கன்னி ஒருத்தி கரையில் உள்ள இளவரசன்மேல் ஆசைப்படுகிறாள். கரையில் நடக்க அவளுக்குக் கால் வேண்டும். சூனியக்காரி கால் தருகிறாள். விலையாக அவள் குரலை வாங்கிக்கொள்கிறாள். பேத்தி என் பக்கம் திரும்பி, "கால் வேணும்னா குரலைக் குடுத்துடணுமா தாத்தா? ரெண்டையும் வச்சிக்க முடியாதா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. பதில் தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

கதைகள் வந்த வழி

இந்தக் கதைகள் எல்லாம் டிஸ்னி கம்பெனி எழுதியவை என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கண்ணாடிச் செருப்பு சிண்ட்ரெல்லாவை 1697இல் பிரான்சு நாட்டு சார்ல் பெரோ எழுதினார். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தங்கள் கதைத் தொகுப்பை 1812இல் வெளியிட்டார்கள். கடற்கன்னிக் கதை டென்மார்க்கின் ஆண்டர்சன் 1837இல் எழுதியது. அவர்களுக்கும் முன்னால், அடுப்படியிலும் தொட்டில் பக்கத்திலும் பாட்டிகள் சொல்லி வந்த கதைகள் எத்தனையோ.

கை மாறும்போது சரக்கு மாறும் என்பது வியாபாரிக்குத் தெரியாததா? கிரிம் தொகுப்பில் பனிவெண்மைப் பெண்ணான 'ஸ்னோ ஒயிட்' எழுந்திருப்பது முத்தத்தால் அல்ல. சவப்பெட்டியைத் தூக்கிச் செல்பவர்கள் தடுமாறுகிறார்கள். அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய விஷ ஆப்பிள் துண்டு வெளியே வருகிறது. அவ்வளவுதான். முத்தம் 1937இல் டிஸ்னி படம் சேர்த்தது. 1812 பதிப்பில் அவளைக் கொல்ல நினைப்பவள் பெற்ற தாய்; பின்னால் வந்த பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாய் ஆனாள். ஆண்டர்சன் கதையில் கடற்கன்னியின் நாக்கையே அறுத்துவிடுகிறார்கள். இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். 1989இல் வந்த டிஸ்னி படத்தில் குரல் ஒரு சங்குக்குள் பத்திரமாக இருக்கிறது; கடைசியில் திரும்பக் கிடைத்துவிடுகிறது, கல்யாணமும் நடக்கிறது.

ஆக, "கதை அப்படித்தான் இருக்கிறது, நாங்கள் என்ன செய்ய?" என்று எந்தப் படக்காரரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு காலத்தவரும் தங்களுக்கு வேண்டியபடி மாற்றித்தான் இருக்கிறார்கள். எப்படி மாற்றினார்கள் என்பதுதான் கேள்வி. நான் கணக்கு எழுதுகிறவன். அதனால் மூன்று பத்தி போட்டு எழுதிப் பார்த்தேன்: யார் பேசுகிறார்கள், எதற்குப் புகழ் கிடைக்கிறது, பேனா யார் கையில் இருக்கிறது.

முதல் பத்தி: பேச்சு

அமெரிக்காவில் கார்மென் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரண்டு மொழியியல் அறிஞர்கள் டிஸ்னி இளவரசிப் படங்களின் வசனத்தைச் சொல் சொல்லாக எண்ணினார்கள். முடிவுகள் 2016இல் வெளிவந்தன. படித்தபோது நான் எதிர்பார்த்ததற்கு நேர் தலைகீழாக இருந்தது.

பழைய படங்களில்தான் பெண்ணுக்குப் பேச்சு குறைவு என்று நினைப்போம், இல்லையா? 1937இல் வந்த ஸ்னோ ஒயிட் படத்தில் ஆணும் பெண்ணும் சரிபாதி. 1950இன் சிண்ட்ரெல்லாவில் பெண்கள் பங்கு 60 சதவீதம். 1959இல் வந்த தூங்கும் அழகி படத்தில் 71 சதவீதம். முப்பது ஆண்டு கழித்து 1989இல், துணிச்சலான பெண் என்று எல்லோரும் கொண்டாடிய கடற்கன்னி வருகிறாள். அந்தப் படத்தில் 68 சதவீதம் ஆண்கள் பேச்சு. 1991இன் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தில் 71 சதவீதம். 1992இன் அலாவுதீனில் 90 சதவீதம். 1998இல் வந்த 'முலான்' ஆண் வேடம் போட்டுப் போருக்குப் போகும் சீனப் பெண்ணின் கதை; நாட்டையே காப்பாற்றுகிறாள். அதிலும் ஆண்கள் பேச்சு 77 சதவீதம். அவளோடு வரும் முஷு என்ற குட்டி டிராகன் அவளைவிட அதிகம் பேசுகிறது!

இது எப்படி நடந்தது? அந்த அறிஞர்கள் சொல்லும் காரணம் எளிமையானது. நாயகி ஒருத்தியைத் துணிச்சல்காரியாக வரைந்துவிட்டார்கள். ஆனால் அவளைச் சுற்றியிருக்கும் கடைக்காரர், காவலர், மந்திரி, வேலைக்காரர், சிரிப்புக் காட்டும் மிருகம் எல்லாம் ஆண். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. யோசிக்காமல் வரைந்தால் ஆணாகவே கை போகிறது.

ஒன்று சொல்ல வேண்டும். எண்ணிக்கை மட்டும் முழுக் கணக்கு ஆகாது. தூங்கும் அழகி படத்தில் பெண்கள் அதிகம் பேசுகிறார்கள் என்றால், பேசுவது மூன்று தேவதைகளும் சூனியக்காரியும்தான். நாயகி பெரும்பாலும் தூங்குகிறாள். பேரேட்டில் தொகை சரியாக இருக்கும், சரக்கு யாரிடம் என்று பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

பிறகு கொஞ்சம் திரும்பியது. 2010இன் 'டேங்கில்டு' படத்தில் பெண்கள் பங்கு 52 சதவீதம். 2012இன் 'பிரேவ்' படத்தில் 74. ஆனால் அக்காள் தங்கை இருவர் கதையான 2013இன் 'ஃப்ரோசன்' படத்தில்கூட ஆண்கள்தான் 59 சதவீதம் பேசுகிறார்கள். மாற்றம் ஒரே நேர்கோட்டில் வருவதில்லை. இதை நாம் நம் வீடுகளிலும் பார்க்கிறோம்.

இரண்டாம் பத்தி: புகழ்

அதே அறிஞர்கள், பெண் பாத்திரங்களை மற்றவர்கள் எதற்காகப் புகழ்கிறார்கள் என்றும் எண்ணினார்கள். முதல் மூன்று பழைய படங்களில் புகழ்ச்சியில் 55 சதவீதம் அழகுக்கு. திறமைக்கு 11 சதவீதம்தான். 1989 முதல் 1990களின் கடைசி வரை வந்தவற்றில் அழகுக்கு 38 சதவீதமாக இறங்கியது. திறமைக்குச் சுமார் 25. அதற்குப் பிறகு வந்த படங்களில் அழகுக்கு 22, திறமைக்கு 40. இந்தப் பத்தியில் மட்டும் லாபம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

கதை முடியும் இடமும் மாறியது. முன்பெல்லாம் கல்யாணம்தான் முடிவு. பார்த்த அன்றைக்கே கல்யாணம் என்று தங்கை சொல்ல, "இன்றைக்குப் பார்த்தவனையா?" என்று அக்காள் மறுப்பதே ஃப்ரோசனில் கதையின் முடிச்சு. கடைசியில் உயிரைக் காப்பாற்றுவது இளவரசனின் முத்தமும் அல்ல. தங்கை அக்காளுக்காகத் தன் உயிரைக் கொடுக்கத் துணிவதுதான். 2016இல் வந்த 'மோவானா' படத்தில் காதலனே கிடையாது. தலைவனின் மகள், அடுத்து அவள்தான் தலைவி, அதை ஊரில் யாரும் ஆச்சரியமாகப் பேசுவதுகூட இல்லை. "போ, கடலுக்குப் போ" என்று துணிவு கொடுப்பவள் பாட்டி. தாத்தா பாட்டிகள் இந்தப் படத்தை அவசியம் பார்க்க வேண்டும்.

நம் நாட்டுப் பெண்கள் சொல்லும் கதைகளைப் பற்றி ஏ. கே. ராமானுஜன் ஒரு நுட்பமான விஷயம் சொல்லியிருக்கிறார். ஆண் நாயகனாக உள்ள கதை கல்யாணத்தோடு முடியும். பெண் நாயகியாக உள்ள கதையிலோ கல்யாணத்துக்குப் பிறகுதான் தொல்லையே ஆரம்பிக்கும். வெளிநாட்டுப் படங்கள் இப்போது கண்டுபிடிப்பதை நம் பாட்டிகள் அடுப்படியில் எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள்.

மூன்றாம் பத்தி: பேனா

இன்று கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது 1926இல் ஜெர்மனியில் வந்த 'இளவரசன் அக்மத்'. எடுத்தவர் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி. கறுப்புக் காகிதத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி, நம் தோல்பாவைக் கூத்து மாதிரி நிழல் உருவங்களை நகர்த்தி எடுத்தார். ஸ்னோ ஒயிட் படம் வருவதற்குப் பதினோரு ஆண்டு முன்னால்!

அப்படியிருந்தும், டிஸ்னி கம்பெனியில் 1930களில் பெண்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் 'இங்க் அண்ட் பெயின்ட்' பிரிவு. ஆண்கள் வரைந்ததைக் கண்ணாடித்தாளில் பிரதி எடுத்து வண்ணம் பூசும் வேலை. 1938இல் வேலை கேட்ட ஒரு பெண்ணுக்கு, படைப்பு வேலையைப் பெண்கள் செய்வதில்லை, அது இளைஞர்களுக்கு உரியது என்று அந்தக் கம்பெனி எழுதிய பதில் கடிதம் இன்றும் பேசப்படுகிறது. பிறகு ரெட்டா ஸ்காட் என்பவர் 1942இன் 'பாம்பி' படத்தில் பெயர் போடப்பட்ட முதல் பெண் அனிமேட்டர் ஆனார். பியூட்டி அண்ட் தி பீஸ்ட் கதையை எழுதியவர் லிண்டா உல்வர்டன் என்ற பெண். அதனால்தானோ என்னவோ, அதன் நாயகி புத்தகம் படிக்கிறாள். ஃப்ரோசன் படத்தின் இரு இயக்குநர்களில் ஒருவர் ஜெனிஃபர் லீ. டிஸ்னி அனிமேஷன் ஸ்டூடியோவின் முழுநீளப் படத்தை இயக்கிய முதல் பெண் அவர்தான். 1937க்கும் 2013க்கும் இடையே 76 ஆண்டு.

அந்த 1938 கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மூத்த மகள் பள்ளியில் படிக்கும்போது அவளுடைய எல்லா நோட்டிலும் கடைசிப் பக்கங்கள் படமாகவே இருக்கும். கடையில் விற்காமல் நின்ற கலர் பென்சில் எல்லாம் அவளுக்குத்தான். பன்னிரண்டாவது முடித்ததும் வெளியூரில் அனிமேஷன் படிக்க ஆசைப்பட்டாள். "கார்ட்டூன் போடறதெல்லாம் ஒரு வேலையாம்மா? பொம்பளைப் பிள்ளை ஊர் விட்டு ஊர் போய்ப் படிக்கிற படிப்பா இது?" என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. பி.காம். சேர்ந்தாள். இன்று வங்கியில் நல்ல வேலையில் இருக்கிறாள். கேள்வி கேட்ட பேத்தி அவள் மகள்தான்.

அமெரிக்கக் கம்பெனி தலைப்புத்தாளில் எழுதியதை நான் வாயால் சொன்னேன். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கட்டுரையை முதலில் அவளிடம்தான் படித்துக் காட்டினேன். "இப்ப எழுதி என்னப்பா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, சதவீதத்தில் நான் செய்திருந்த ஒரு தவறைத் திருத்திக் கொடுத்தாள்.

கடை அலமாரி சொல்லும் கதை

படம் மாறினாலும் பை மாறுவது கஷ்டம். இதை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் குறைவு. வெவ்வேறு படங்களின் நாயகிகளை ஒன்றாகச் சேர்த்து 'டிஸ்னி பிரின்சஸ்' என்று ஒரே வியாபாரப் பெயரில் விற்கும் யோசனை 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்தது. நான்கைந்து இளவரசிகள் வரிசையாக நிற்கும் பைகளை நானும் டஜன் டஜனாக விற்றிருக்கிறேன். பல வருஷம் கழித்துத்தான் கவனித்தேன்: அந்தப் படங்களில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை. அது தற்செயல் அல்லவாம். ஒவ்வொருத்தியும் தனித்தனிக் கதைக்காரி என்பதால் கம்பெனி வைத்திருந்த விதியாம். போருக்குப் போன முலான்கூடப் பையில் பட்டுடையோடுதான் நின்றாள், வாள் இல்லை.

பிரேவ் படத்து மெரிடா கலைந்த சுருள்முடிப் பெண்; வில்வித்தையில் கெட்டி. 2013இல் அவளை இளவரசி வரிசையில் சேர்த்தபோது இடையை ஒடுக்கி, முடியைச் சீவி, மினுமினுப்புப் போட்டு, வில்லையும் எடுத்துவிட்டார்கள். அந்தக் கதையை உருவாக்கிய இயக்குநர் பிரெண்டா சாப்மனே பகிரங்கமாகக் கண்டித்தார். 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டன மனுவில் கையெழுத்திட்டார்கள். படம் இரண்டு மணி நேரம் ஓடும். பை முதுகில் ஒரு வருஷம் இருக்கும். குழந்தை மனதில் எது அதிகம் தங்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் நாட்டில்

இந்தியாவில் இந்தக் கலைக்குப் பள்ளிக்கூடம் போல இருந்தது பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவு. 1956இல் டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் வந்து நம்மவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1957இல் ஜாதகக் கதையை வைத்து 'பேனியன் டியர்' என்ற படம் வந்தது. அங்கே பயின்றவர்களில் ஒருவர் ராம் மோகன். வேதியியல் படித்தவர், படம் வரைவதற்காக அதை விட்டவர். 1992இல் ஜப்பானியர் யூகோ சாகோவோடு சேர்ந்து எடுத்த ராமாயண அனிமேஷன் படத்தின் இயக்குநர்களில் அவரும் ஒருவர். அந்தப் படம் 2025 ஜனவரியில் தமிழிலும் திரையரங்குக்கு வந்தது.

எழுபதுகளில் பிறந்த தில்லிப் பிள்ளைகளுக்கு தூர்தர்ஷனின் 'ஏக் அனேக் அவுர் ஏகதா' நினைவிருக்கும். 1974இல் விஜயா முலே உருவாக்கியது, வரைந்தவர் பீம்சைன். ஒன்று என்றால் என்ன, பல என்றால் என்ன என்று தம்பி கேட்கிறான். விளக்கிச் சொல்பவள் அக்காள். நாட்டின் ஒற்றுமையைக் குழந்தைகளுக்குச் சொல்ல ஒரு சிறுமியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்த வயதில் அது நம் கண்ணில் படவே இல்லை.

அதைவிடப் பெரிய காரியம் 'மீனா'. சார்க் நாடுகள் 1990ஐப் பெண் குழந்தை ஆண்டாகவும், 1991 முதல் 2000 வரை பெண் குழந்தைப் பத்தாண்டாகவும் அறிவித்தன. அந்தச் சமயத்தில் யுனிசெஃப் தெற்காசியாவுக்கென்று உருவாக்கிய சிறுமி அவள். உருவம் கொடுத்தவர் நம் ராம் மோகன். தம்பி ராஜு பள்ளிக்குப் போகிறான், மீனாவை அனுப்பவில்லை. தன் கிளி மிட்டுவைப் பள்ளிக்கு அனுப்பி, அது கேட்டு வந்து சொல்வதை வைத்து எண்ணக் கற்றுக்கொள்கிறாள். ஒருநாள் கோழிகளை எண்ணும்போது ஒன்று குறைகிறது, திருடன் அகப்படுகிறான். இன்னொரு கதையில் மாம்பழத்தில் ராஜுவுக்குப் பெரிய பங்கு, இவளுக்குச் சின்னது. ஒரு நாள் இருவரும் வேலையை மாற்றிக்கொள்கிறார்கள். சாயங்காலம் ராஜுவுக்கே நியாயம் விளங்கிவிடுகிறது. இளவரசன் இல்லை, அரண்மனை இல்லை. ஆனால் எந்தத் தேவதைக் கதையையும்விட இது நம் வீட்டுக் கதை. எங்கள் வீட்டில் என் அக்காள் பங்கு மாம்பழம் எனக்குத் தெரியும்; கொட்டையைச் சுற்றியுள்ளதுதான் அவளுக்கு.

2008இல் வந்த 'சோட்டா பீம்' எல்லோருக்கும் தெரியும். டோலக்பூர் என்ற கற்பனை ராஜ்ஜியம். லட்டு தின்றதும் பீமுக்குப் பலம் வரும். பெரும்பாலும் லட்டு கொண்டு வருபவள் சுட்கி. அவள் புத்திசாலிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருநாளாவது அந்த லட்டை அவளே தின்று சண்டைக்குப் போனால் என்ன என்று தோன்றுகிறது.

சீதையின் கதையைச் சீதை பக்கம் நின்று சொன்ன படம் வெளியிலிருந்து வந்தது. நீனா பேலி என்ற அமெரிக்கப் பெண்மணியின் கணவர் வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்தார். பிறகு மின்னஞ்சலிலேயே உறவை முறித்துக்கொண்டார். அந்த வேதனையோடு ராமாயணத்தைப் படித்தவர், தம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ஒற்றை ஆளாக வரைந்து, 2008இல் 'சீதா சிங்ஸ் தி ப்ளூஸ்' என்ற படத்தை வெளியிட்டார். அதில் மூன்று நிழற்பாவைகள் கதையைத் தங்களுக்குள் விவாதித்தபடியே சொல்கின்றன. அதைக் கண்டித்தவர்களும் உண்டு, பாராட்டியவர்களும் உண்டு. கடல் தாண்டி இருப்பவருக்குச் சீதை துணைக்கு வந்தாள் என்பது மட்டும் உண்மை.

நம் கையில் உள்ள சரக்கு

தமிழில் 'நீலகேசி' என்று ஒரு பழைய சமண நூல் உண்டு. அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பதிப்பித்தார். நாயகி ஒரு பேய். உயிர்ப்பலியைத் தடுத்த முனிவரைப் பயமுறுத்த வருகிறாள், முடியவில்லை. அவரிடம் அறம் கேட்டு, ஊர் ஊராகப் போய்ப் பல சமயத்து ஆசிரியர்களோடு வாதம் செய்கிறாள். முதலில் வாதிடுவது குண்டலகேசி என்ற இன்னொரு பெண்ணோடு. இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரு ஆணைப் பற்றி அல்ல, உயிரையும் உலகத்தையும் பற்றி. எங்கள் சமயத்து நூல் என்பதற்காகச் சொல்லவில்லை. தோற்றவர்கள் பக்கம் வேறு நியாயம் இருக்கலாம். ஆனால் நாயகி என்றால் பேசுகிறவள் என்று நினைத்த ஒரு மரபு தமிழில் இருந்திருக்கிறது. பறக்கிற பேய், பயப்படாத முனிவர், சபைக்குச் சபை போட்டி – கார்ட்டூனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

பேத்திக்குச் சொன்ன பதில் இதுதான்: "ரெண்டையும் வச்சிக்கலாம்மா. குரலைக் கேக்கறவன்கிட்ட வியாபாரம் பண்ணாதே." வியாபாரி வேறு எப்படிச் சொல்வான்?

சொன்ன பிறகுதான் இன்னொன்று உறைத்தது. ஊர் விட்டு வந்த நமக்கும் அந்தக் கடற்கன்னி பேரம்தானே? இந்த மண்ணில் நடக்கக் கால் கிடைத்தது. பிள்ளைகள் நாக்கில் தமிழ் குறைந்துகொண்டே போகிறது. இதுவும் யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. யோசிக்காமல் விட்டதால் வந்தது.

ஆகவே குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் பார்க்கிற படத்தைத் தடுக்காதீர்கள். கூட உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும் அந்தக் கதையைத் தமிழில் உங்களுக்குத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். முடிவு பிடிக்கவில்லை என்றால் மாற்றச் சொல்லுங்கள். பெரோவும் கிரிமும் டிஸ்னியும் மாற்றினார்கள், நம் பெண் மாற்றினால் என்ன? அடுத்த பொங்கல் விழாவில் பிள்ளைகள் தாங்களே கதை சொல்லி, தாங்களே படம் வரையும் போட்டி ஒன்று சங்கம் நடத்த வேண்டும். வரைய வருகிற பெண் பிள்ளையிடம் "இது ஒரு வேலையா?" என்று மட்டும் யாரும் கேட்க வேண்டாம். தாளும் கலர் பென்சிலும் என் கடைச் செலவு. நடுவராக இருக்க என் மகளைக் கேட்டிருக்கிறேன்; யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.